"கோர்ட் யாரை அதிபர்னு சொல்லும்?": தகராறான அமெரிக்கத் தேர்தலைப் பின்தொடர ஒரு கையேடு

வெளிநாட்டுச் செய்திகளைத் தமிழில் எழுதித் தருவது என் வேலை. அமெரிக்க அதிபர் தேர்தலில் இழுபறி வந்தால் போதும், தெரிந்தவர்களிடமிருந்து போன் வரும். "கடைசியில கோர்ட் யாரை அதிபர்னு சொல்லும்?" என்பார்கள். அங்கே எந்த நீதிமன்றமும் ஒருவரை அதிபர் என்று அறிவிப்பதில்லை. எந்த ஓட்டு செல்லும், எண்ணுவதைத் தொடரலாமா, எந்தச் சான்றிதழ் சட்டப்படியானது என்பதோடு அதன் வேலை முடிந்தது. காங்கிரசின் (அமெரிக்க நாடாளுமன்றம்; பிரதிநிதிகள் சபை கீழ்சபை, செனட் மேல்சபை) வேலை மாநிலங்கள் அனுப்பிய ஓட்டுகளை எண்ணுவது. பிடித்தவரை நாற்காலியில் உட்கார வைக்கும் உரிமை அதற்கும் கிடையாது. ஒரு விதிவிலக்கு உண்டு, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

தகராறு கிளம்பியதும் நான் இரண்டு விஷயங்களைத்தான் பார்ப்பேன். விவகாரம் இப்போது யார் கையில் இருக்கிறது? எந்தத் தேதிக்குள் அது அவர்கள் கையை விட்டுப் போயாக வேண்டும்? இந்த இரண்டுக்கும் பதில் எழுதி வைத்துக்கொண்டால், டிவியில் நடக்கும் சண்டையில் முக்கால்வாசியைப் பார்க்காமலே விட்டுவிடலாம்.

தேதிகளை எழுதி ஒட்டுங்கள்

அடுத்த தேர்தலுக்கான தேதிகள் இப்போதே தெரியும். வாக்குப்பதிவு 2028 நவம்பர் 7. அன்று மக்கள் போடும் ஓட்டில் தேர்வாவது, மாநிலங்களின் சார்பில் அதிபருக்கு ஓட்டுப் போடும் 538 தேர்வாளர்கள்; அதிபராக அவர்களில் 270 பேர் வேண்டும். ஒவ்வொரு மாநிலமும் தன் தேர்வாளர்கள் யார் என்று சான்றிதழ் தரக் கடைசி நாள் டிசம்பர் 13. தேர்வாளர்கள் அவரவர் மாநிலத்தில் கூடி ஓட்டுப் போடுவது டிசம்பர் 19. புதிய காங்கிரஸ் கூடுவது 2029 ஜனவரி 3. இரு சபைகளும் சேர்ந்து எண்ணுவது ஜனவரி 6. பதவியேற்பு ஜனவரி 20, நண்பகல்.

(2029இல் ஜனவரி 6 சனிக்கிழமை வருகிறது. காங்கிரஸ் நினைத்தால் சட்டம் போட்டு மாற்றிக்கொள்ளலாம். 2013இல் ஞாயிற்றுக்கிழமை வந்ததால் 4ஆம் தேதியே எண்ணி முடித்தார்கள். 2001இல் சனிக்கிழமை என்றும் பாராமல் உட்கார்ந்து எண்ணினார்கள்.)

வாக்குப்பதிவுக்கும் சான்றிதழுக்கும் நடுவே 36 நாள். எண்ணிக்கை, மறு எண்ணிக்கை, வழக்கு, மேல்முறையீடு எல்லாம் அதற்குள் முடிய வேண்டும். சாதாரண சொத்து வழக்கில் வாய்தா வாங்கவே அந்த நாள் பத்தாது. அதனால் இந்த வழக்குகளில் தாமதமே ஓர் ஆயுதம். முன்னிலையில் இருப்பவர் நேரத்தை ஓட்டப் பார்ப்பார், பின்தங்கியவர் அவசரப்படுத்துவார். "தடை கேட்டு மனு" என்று செய்தி வந்தால், கேட்டவர் முன்னிலையில் இருக்கிறாரா பின்தங்கியிருக்கிறாரா என்று பார்த்துவிட்டு மீதியைப் படியுங்கள்.

வழக்குக்கு நாலு கட்டம்

ஒரு தாளில் நாலு கட்டம் போடுங்கள். எந்த நீதிமன்றம், மனுவில் கேட்பது என்ன, கேட்டதைக் கொடுத்தால் எத்தனை ஓட்டு மாறும், அந்த மாநிலத்தில் வித்தியாசம் எவ்வளவு. பெரும்பாலான வழக்குகளின் கதை கடைசி இரண்டு கட்டங்களிலேயே முடிந்துவிடும்.

2020இல் விஸ்கான்சினில் பைடன் சுமார் 20,700 ஓட்டில் முன்னிலை. டிரம்ப் தரப்பு 30 லட்சம் டாலர் கட்டி, இரண்டே மாவட்டங்களில் மறு எண்ணிக்கை கேட்டது. எண்ணி முடித்தபோது பைடனுக்கு 87 ஓட்டு கூடியிருந்தது. ஜார்ஜியாவில் வித்தியாசம் அதைவிடக் குறைவு, 11,779. அங்கே சுமார் 50 லட்சம் வாக்குச்சீட்டையும் கையால் எண்ணிப் பார்த்தார்கள், ஜெயித்தவர் மாறவில்லை. மறு எண்ணிக்கை சில நூறு ஓட்டுகளை நகர்த்தும். பல ஆயிரம் ஓட்டு நகர வேண்டும் என்றால் எண்ணிக்கையில் பிழை என்பதைத் தாண்டிப் பெரிதாக ஏதோ நடந்திருக்க வேண்டும், அதற்கு ஆதாரமும் வேண்டும்.

இரண்டாவது கட்டத்தை நிரப்ப மனுவைத்தான் படிக்க வேண்டும், பத்திரிகையாளர் சந்திப்பைப் பார்த்து நிரப்பக் கூடாது. வெளியே மைக் முன்னால் என்ன வேண்டுமானாலும் பேசலாம். நீதிபதி முன்னால் பொய் சொன்னால் வக்கீலின் தொழிலுக்கே ஆபத்து. 2020 நவம்பரில் டிரம்பின் வக்கீல் ரூடி ஜூலியானி வெளியில் முழுக்க மோசடி பற்றித்தான் பேசினார். அதே ஜூலியானி பென்சில்வேனியாவில் கூட்டாட்சி நீதிபதி நேருக்கு நேர் கேட்டபோது, இது மோசடி வழக்கு கிடையாது என்று ஒப்புக்கொண்டார். அந்த வழக்கு மேல்முறையீட்டில் தோற்றது. தீர்ப்பை எழுதியவர் டிரம்ப் நியமித்த நீதிபதி ஸ்டெஃபனோஸ் பிபாஸ். நியாயமில்லை என்று சொல்லிவிடுவதாலேயே ஒரு தேர்தல் நியாயமற்றதாகிவிடாது, குறிப்பான குற்றச்சாட்டும் நிரூபணமும் வேண்டும், இங்கே இரண்டும் இல்லை என்பது அவர் எழுதியதன் சாரம்.

எந்த நீதிமன்றம் என்ற கட்டமும் முக்கியம். தேர்தல் நடத்துவது மாநிலச் சட்டப்படி, ஆகவே முதல் படி பெரும்பாலும் மாநில நீதிமன்றம். "நேராக உச்ச நீதிமன்றத்தில் வழக்கு" என்று செய்தி வந்தால் கொஞ்சம் சந்தேகத்தோடு படிக்கலாம். டெக்சாஸ் அப்படித்தான் போனது. 2020 டிசம்பரில் ஜார்ஜியா, மிச்சிகன், பென்சில்வேனியா, விஸ்கான்சின் நான்கின் மீதும் வழக்குப் போட்டது. இன்னொரு மாநிலம் தன் தேர்தலை எப்படி நடத்துகிறது என்று கேட்க உனக்குத் தகுதியில்லை என்று உச்ச நீதிமன்றம் டிசம்பர் 11 அன்று சில வரிகளில் முடித்துவிட்டது. "விசாரிக்கவே இல்லையே" என்று அப்போது நிறையப் பேர் குறைப்பட்டார்கள். வழக்கு தொடரும் தகுதி என்பது முதல் வாசல். அதைத் தாண்டாதவரின் ஆதாரத்தை நீதிமன்றம் பிரித்துப் பார்க்காது.

அந்தத் தேர்தலில் 60க்கு மேல் வழக்குகள் போட்டார்கள். எண்ணிக்கையைப் பார்த்து மலைக்காதீர்கள். தாளில் நிரப்பிப் பாருங்கள், பல வழக்குகளில் மூன்றாவது கட்டம் காலியாகவே இருக்கும்.

2000ஐ மட்டும் நிதானமாகப் படியுங்கள்

ஒரே ஒரு பழைய தகராறைப் படிக்க நேரம் இருந்தால் ஃப்ளோரிடாவைப் படியுங்கள். நீதிமன்றமும் சட்டமன்றமும் ஒரே வாரத்தில் ஒன்றையொன்று முந்தப் பார்த்த இடம் அது.

அந்த மாநிலத்தின் சுமார் 60 லட்சம் ஓட்டில் குடியரசுக் கட்சி வேட்பாளர் ஜார்ஜ் புஷ்ஷின் முன்னிலை 537. இதுதான் நவம்பர் 26 அன்று மாநிலம் சான்றளித்த கணக்கு. ஃப்ளோரிடாவின் 25 தேர்வாளர்கள் யாருக்கோ அவர்தான் அதிபர். துளைபோடும் வாக்குச்சீட்டில் துளை சரியாக விழாத சீட்டுகளை இயந்திரம் ஒதுக்கிவிட்டது. அவற்றைக் கையால் பார்த்து எண்ண வேண்டும் என்று ஜனநாயகக் கட்சி வேட்பாளர் அல் கோர் கேட்டார். டிசம்பர் 8 அன்று மாநில உச்ச நீதிமன்றம் 4-3 என்று அவர் பக்கம் தீர்ப்பளித்தது, எண்ணத் தொடங்கினார்கள். மறுநாள் சனிக்கிழமை, அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-4 என்று தடை போட்டது. 12ஆம் தேதி இரவு தீர்ப்பு வந்தது. மாவட்டத்துக்கு மாவட்டம் எண்ணும் அளவுகோல் வேறாக இருப்பது, சட்டம் எல்லோரையும் சமமாக நடத்த வேண்டும் என்ற அரசியலமைப்பின் சம பாதுகாப்பு விதிக்கு விரோதம் என்று ஏழு நீதிபதிகள் கருதினார்கள். சரி, ஒரே அளவுகோல் வைத்து மறுபடி எண்ணலாமே என்றால், அதற்கு நேரமில்லை என்றார்கள் ஐந்து பேர். மாநிலத்தின் முடிவைக் காங்கிரஸ் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொள்ளும் கெடு அதே 12ஆம் தேதி. மறுநாள் கோர் தோல்வியை ஏற்றார்.

எல்லோரும் 12ஆம் தேதித் தீர்ப்பைத்தான் பேசுவார்கள். என்னைக் கேட்டால் முடிவு 9ஆம் தேதித் தடையிலேயே வந்துவிட்டது. மூன்று நாள் எண்ணாமல் நிறுத்திவிட்டு, நான்காவது நாள் நேரமில்லை என்றால் என்ன செய்வது? தீர்ப்பைவிட இடைக்கால உத்தரவைக் கவனியுங்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு இதுதான் காரணம். இந்தத் தீர்ப்பு இந்தச் சூழ்நிலைக்கு மட்டும்தான் என்று நீதிபதிகளே எழுதியும் வைத்தார்கள். தாங்கள் செய்வது முன்னுதாரணமாகிவிடக் கூடாது என்ற பயம் அந்த வரியில் தெரிகிறது.

அதிகம் பேசப்படாத பக்கம் ஒன்று உண்டு. அதே டிசம்பர் 12 அன்று ஃப்ளோரிடா சட்டமன்றத்தின் கீழ்சபை, புஷ்ஷின் தேர்வாளர்களைத் தானே நியமிக்கத் தீர்மானம் போட்டது. கோர் நீதிமன்றத்தில் ஜெயித்து, மேல்சபையும் ஒப்புக்கொண்டிருந்தால் ஒரே மாநிலத்திலிருந்து இரண்டு பட்டியல் வாஷிங்டனுக்குப் போயிருக்கும். அங்கே பிரதிநிதிகள் சபை குடியரசுக் கட்சியிடம். செனட் 50-50, சமநிலையை உடைக்கும் ஓட்டு துணை அதிபராக இருந்த கோரிடமே. இரண்டு சபையும் முரண்பட்டால், அன்றைய சட்டப்படி மாநில ஆளுநர் கையெழுத்திட்ட பட்டியல் செல்லும். ஃப்ளோரிடாவின் ஆளுநர் ஜெப் புஷ், வேட்பாளரின் தம்பி. கதை எழுதுபவர்கள்கூட இப்படி எழுதத் தயங்குவார்கள்.

மாநிலச் சட்டமன்றம் எதுவரை போகலாம்

தேர்வாளர்களை எந்த முறையில் நியமிப்பது என்று முடிவு செய்யும் உரிமையை அரசியலமைப்பு மாநிலச் சட்டமன்றத்துக்குக் கொடுத்திருக்கிறது. தேர்தலுக்கு முன்னால் விதியை மாற்றினால் அது கொள்கைச் சண்டை. ஓட்டுப் போட்டு முடித்த பிறகு, முடிவு பிடிக்காமல் மாற்றினால் அது வேறு விவகாரம். 2022இல் காங்கிரஸ் போட்ட சட்டம் இதைத் தெளிவாக்கிவிட்டது: வாக்குப்பதிவு நாளுக்கு முன்பே இயற்றிய சட்டப்படிதான் தேர்வாளர்கள் நியமனம். 2000இல் ஃப்ளோரிடா கீழ்சபை செய்ததை இப்போது செய்தால் நிற்காது.

மாநிலச் சட்டமன்றம் தேர்தல் விஷயத்தில் போடும் விதியை மாநில நீதிமன்றமே தொடக் கூடாது என்று ஒரு வாதம் சில வருடம் ஓடியது. 2023இல் மூர் எதிர் ஹார்ப்பர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 6-3 என்று அதை நிராகரித்தது. வழக்கு காங்கிரஸ் தேர்தலைப் பற்றியது என்றாலும், இனி யாராவது அந்த வாதத்தோடு வந்தால் இந்தப் பெயரை நினைவில் வையுங்கள்.

"மாற்றுத் தேர்வாளர்கள்" என்று செய்தி வந்தால் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: சான்றிதழில் ஆளுநரின் கையெழுத்து இருக்கிறதா? 2020இல் ஏழு மாநிலங்களில் டிரம்ப் ஆதரவாளர்கள் கூடித் தங்களையே தேர்வாளர்கள் என்று எழுதி அனுப்பினார்கள். எதிலும் ஆளுநர் கையெழுத்து இல்லை, எந்தச் சட்டமன்றமும் அவர்களை நியமிக்கவும் இல்லை. அரிசோனா கீழ்சபைத் தலைவர் ரஸ்டி பவர்ஸ் டிரம்பின் கட்சிக்காரர்தான். அவரிடம் கேட்டார்கள், முடியாது என்றுவிட்டார்.

முறையான இரட்டைச் சான்றிதழும் வந்ததுண்டு. 1960இல் ஹவாயில் முதலில் நிக்சன் 141 ஓட்டில் ஜெயித்ததாகச் சான்றளித்தார்கள். மறு எண்ணிக்கையில் கென்னடி 115 ஓட்டில் ஜெயித்தார், நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. இரண்டு தரப்பும் வாஷிங்டனுக்கு அனுப்பியிருந்தது. எண்ணும் மேடையில் துணை அதிபராக உட்கார்ந்திருந்தவர் நிக்சன். இதை முன்னுதாரணமாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று சொல்லி, தனக்கு எதிரான பட்டியலையே எண்ணச் சொன்னார். மூன்று தேர்வாளர்களால் முடிவு மாறப்போவதில்லை என்பது உண்மைதான். அதனால் தாராளமாக இருப்பது அவருக்குச் சுலபமாகவும் இருந்தது.

ஜனவரி 6 அன்று எதை எண்ணிப் பார்ப்பது

சான்றிதழ்களைத் திறப்பார்கள், ஓட்டுகள் எண்ணப்படும் என்கிறது அரசியலமைப்பு. எண்ணுவது யார், தகராறு வந்தால் தீர்ப்பது யார் என்று சொல்லவில்லை. அதற்கான விலையை 1876இல் கொடுத்தார்கள். ஜனநாயகக் கட்சி வேட்பாளர் டில்டனுக்கு 184 தேர்வாளர்கள், தேவையோ 185. குடியரசுக் கட்சியின் ஹேய்ஸுக்கு 165. ஃப்ளோரிடா, லூசியானா, தென் கரோலினா ஆகியவற்றோடு ஒரேகனின் ஒருவர் என 20 பேர் தகராறில். செனட் ஒரு கட்சியிடம், பிரதிநிதிகள் சபை இன்னொரு கட்சியிடம். 15 பேர் கொண்ட ஆணையம் போட்டார்கள்: ஒவ்வொரு சபையிலிருந்தும் ஐந்து பேர், உச்ச நீதிமன்றத்திலிருந்து ஐந்து பேர். எந்தக் கட்சியையும் சேராதவர் என்று எல்லோரும் நம்பியிருந்த நீதிபதி டேவிட் டேவிஸை அந்த நேரம் பார்த்து இல்லினாய் சட்டமன்றம் செனட்டுக்குத் தேர்ந்தெடுத்துவிட்டது, அவர் விலகிக்கொண்டார். அந்த இடத்துக்கு வந்தவர் ஜோசப் பிராட்லி, குடியரசுக் கட்சிக்காரர். அப்புறம் ஒவ்வொரு தகராறிலும் 8-7. இருபதும் ஹேய்ஸுக்குப் போய் 185-184 என்று முடிந்தது மார்ச் 2ஆம் தேதி. அந்தக் காலத்தில் பதவியேற்பு நாள் மார்ச் 4. நீதிபதிகளை ஆணையத்தில் உட்கார வைத்தால் கட்சி மறைந்துவிடும் என்று யாராவது யோசனை சொன்னால் இந்த 8-7ஐக் காட்டுங்கள்.

அதற்குப் பிறகு 1887இல் வந்த சட்டம் குழப்பமான மொழியில் எழுதப்பட்டது, ஆனாலும் 135 வருடம் ஓடியது. அதன்படி ஒவ்வொரு சபையிலும் ஒருவர் ஆட்சேபித்தாலே இரு சபையும் பிரிந்து போய் விவாதிக்க வேண்டும். 2001இல் பிரதிநிதிகள் சபை உறுப்பினர்கள் பலர் எழுந்து ஆட்சேபித்தார்கள். ஒரு செனட்டர்கூடச் சேரவில்லை. மேடையில் இருந்த கோரே, தனக்காக எழுந்தவர்களை உட்கார வைத்தார். 2021இல் செனட்டர்கள் கிடைத்தார்கள். டிரம்ப் ஆதரவாளர்கள் காங்கிரஸ் கட்டடத்துக்குள் புகுந்த கலவரம் ஓய்ந்து மறுபடி கூடியபோது அரிசோனா மீதான ஆட்சேபத்துக்குச் செனட்டில் 6-93, கீழ்சபையில் 121-303. பென்சில்வேனியாவுக்கு 7-92, 138-282.

2022 டிசம்பரில் சட்டத்தைத் திருத்தினார்கள். இப்போது ஆட்சேபம் எழுப்பவே ஒவ்வொரு சபையிலும் ஐந்தில் ஒரு பங்கு உறுப்பினர்கள் கையெழுத்திட வேண்டும். செனட்டில் 20, கீழ்சபையில் 87. அன்றைக்கு ஆதரித்து ஓட்டுப் போட்டவர்களை வைத்துப் பார்த்தால், கீழ்சபை இந்த வரம்பைத் தாண்டியிருக்கும், செனட் தாண்டியிருக்காது, விவாதமே நடந்திருக்காது. எனவே நீங்கள் எண்ண வேண்டியது செனட்டர்களை. இருபது பேர் தேறவில்லை என்றால் மேடைப் பேச்சுகளை விட்டுத் தள்ளுங்கள். காரணமும் இரண்டே வகை: தேர்வாளரின் சான்றளிப்பு சட்டப்படி இல்லை, அல்லது அவர் போட்ட ஓட்டு முறைப்படி இல்லை. ஆட்சேபம் ஜெயிக்க இரண்டு சபையிலும் பெரும்பான்மை வேண்டும். துணை அதிபருக்குச் சடங்கு வேலைதான் என்று சட்டமே எழுதிவிட்டது.

நீதிமன்றத்துக்கும் அதே சட்டம் தனிப் பாதை போட்டது. சான்றிதழ் பற்றி வேட்பாளர் கூட்டாட்சி நீதிமன்றம் போனால் மூன்று நீதிபதிகள் அமர்ந்து விரைவாக விசாரிப்பார்கள், அங்கிருந்து மேல்முறையீடு நேராக உச்ச நீதிமன்றத்துக்கு. தேர்வாளர்கள் கூடும் நாளுக்கு முன் நீதிமன்றம் திருத்தச் சொன்ன சான்றிதழ், ஆளுநர் முதலில் கொடுத்ததை மிஞ்சும். ஆளுநர் பிடிவாதம் பிடித்தால் என்ன என்ற பழைய பயத்துக்குப் பதில் இது.

வேறு நாட்டுச் செய்தியைப் படிக்கும்போது

அமெரிக்க அளவுகோலை அப்படியே தூக்கிக்கொண்டு போகாதீர்கள். சில நாடுகளில் நீதிமன்றம் தேர்தலையே ரத்து செய்யலாம். அங்கே கேட்க வேண்டியது, ரத்து செய்ய எதை நிரூபிக்க வேண்டும் என்பது.

ஆஸ்திரியாவில் கணக்குதான் பேசியது. 2016 அதிபர் தேர்தலில் வித்தியாசம் 30,863. விதி மீறிக் கையாளப்பட்ட தபால் ஓட்டுகள் 77,926. யாரும் ஏமாற்றியதாக ஆதாரமில்லை, ஆனால் ஏமாற்றியிருந்தால் முடிவு மாறியிருக்கும் என்று ரத்து செய்தார்கள். மறுதேர்தல், தபால் ஓட்டு உறையின் பசை ஒட்டாததால் இன்னும் தள்ளிப்போனது தனிக் கதை. முதலில் ஜெயித்தவரே அதிக வித்தியாசத்தில் ஜெயித்தார். கென்யாவில் 2017இல் உச்ச நீதிமன்றம் 4-2 என்று ரத்து செய்தபோது வித்தியாசம் சுமார் 14 லட்சம். முடிவை அனுப்பிய முறையே அரசியலமைப்பை மீறியது என்பது காரணம். அங்கே மனுத் தாக்கல் செய்ய ஏழு நாள், தீர்ப்புக்கு 14 நாள். மலாவியில் திருத்தும் வெள்ளை மை பூசிய முடிவுத் தாள்களைப் பார்த்து 2020 பிப்ரவரியில் ரத்து செய்தார்கள். மறுதேர்தலில் ஆளே மாறினார்.

இந்தியக் குடியரசுத் தலைவர் தேர்தல் தகராறு நேராக உச்ச நீதிமன்றத்துக்குப் போகும், 71ஆவது பிரிவு. 1969 தேர்தல் மீதான வழக்கில், அதில் ஜெயித்த வி.வி.கிரி பதவியில் இருந்தபடியே சாட்சி சொல்ல வந்தார், மனு தள்ளுபடியானது. ஒரு குடியரசுத் தலைவரின் தேர்தல் செல்லாது என்று தீர்ப்பு வந்தாலும், அதுவரை அவர் போட்ட கையெழுத்துகள் செல்லும்.

யாருக்கும் 270 வராவிட்டால்

தொடக்கத்தில் சொன்ன விதிவிலக்கு இதுதான். அப்போது பிரதிநிதிகள் சபையே அதிபரைத் தேர்ந்தெடுக்கும், முதல் மூன்று இடத்தில் இருப்பவர்களிலிருந்து. ஆளுக்கொரு ஓட்டு கிடையாது, மாநிலத்துக்கு ஓர் ஓட்டு, 26 வேண்டும். கலிஃபோர்னியாவுக்கும் ஒன்று, வயோமிங்குக்கும் ஒன்று. துணை அதிபரைச் செனட் தேர்ந்தெடுக்கும். 1825இல் இப்படித்தான் 99 தேர்வாளர்களோடு முதலில் நின்ற ஆண்ட்ரூ ஜாக்சனை விட்டுவிட்டு, 84 பெற்ற ஜான் குவின்சி ஆடம்ஸைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆகவே சபையில் யாருக்குப் பெரும்பான்மை என்று பார்த்தால் போதாது. எத்தனை மாநிலக் குழுக்களில் எந்தக் கட்சி அதிகம் என்று எண்ணுங்கள். ஒரு மாநிலத்தின் உறுப்பினர்கள் சரிபாதியாகப் பிரிந்தால் அந்த ஓட்டு யாருக்கும் இல்லை.

உங்கள் தாளில் ஜனவரி 3க்கு அடிக்கோடு போடுங்கள். புதிய சபை முதலில் சபாநாயகரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதன் பிறகுதான் உறுப்பினர்கள் பதவியேற்பார்கள். 2023இல் கெவின் மெக்கார்த்தியைத் தேர்ந்தெடுக்க 15 சுற்று ஆனது, ஜனவரி 7 அதிகாலைதான் முடிந்தது. அது அதிபர் தேர்தல் வருடமாக இல்லாததால் யாரும் கவலைப்படவில்லை. ஜனவரி 20 நண்பகல் வரை அதிபரும் துணை அதிபரும் முடிவாகாவிட்டால் தற்காலிக அதிபராகும் முறை சபாநாயகருக்குத்தான் வருகிறது. அதற்கு அவர் சபாநாயகர் பதவியையும் உறுப்பினர் பதவியையும் ராஜினாமா செய்ய வேண்டும். சபாநாயகரே இல்லையென்றால் அடுத்தவர் செனட்டின் தற்காலிகத் தலைவர். அந்தப் பெயரையும் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.